பெங்களூரில் சைக்கிள் ஓட்டத் தொடங்குகிறீர்களா? பெடலை இப்படித் தேர்ந்தெடுங்கள்

ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிய ரோட் பைக், அதாவது தார் ரோட்டில் வேகமாக ஓட்டுவதற்கான சைக்கிள், வாங்கினால் பல சமயம் பெடல் இல்லாமல்தான் வரும். கடையில் இதைக் கேட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு. “இவ்வளவு காசு கொடுத்தும் மிதிக்க ஒண்ணும் இல்லையா?” என்பார்கள். இதில் ஏமாற்று ஏதும் இல்லை. அந்த விலைக்கு வாங்குபவர் ஏற்கெனவே ஒரு வகை பெடலுக்கும் அதற்கேற்ற ஷூவுக்கும் பழகியிருப்பார், எதை மாட்டிக் கொடுத்தாலும் கழற்றித்தான் வைப்பார் என்பது கம்பெனிகளின் கணக்கு. இருபது, முப்பதாயிரம் ரூபாய் ஹைபிரிட் சைக்கிளில் கதை வேறு. பெடல் இருக்கும், ஆனால் வண்டியில் செலவைக் குறைத்த இடம் எது என்று தேடினால் முதலில் அதுதான் கண்ணில் படும். வழவழப்பான பிளாஸ்டிக், குறுகலான மேற்பரப்பு, முதல் மழைக்கே வழுக்கல்.

ஆக, எந்த விலையில் வாங்கினாலும் பெடலைப் பற்றி ஒரு நாள் யோசிக்க வேண்டியிருக்கும். நல்ல வேளையாக, சைக்கிளில் கையில் காசு அதிகம் இல்லாமலே மாற்றிக்கொள்ளக்கூடிய பாகங்களில் இதுவும் ஒன்று. வித்தியாசமும் முதல் நாளே தெரிந்துவிடும்.

காலை எத்தனை தடவை ஊன்றுகிறீர்கள்?

பெடல் விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் அலுமினியமா பிளாஸ்டிக்கா, எடை எவ்வளவு, எந்த பிராண்ட் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன்னால், நீங்கள் வழக்கமாகப் போகும் பாதையை ஒருமுறை கவனியுங்கள். கால் தரையில் எத்தனை இடத்தில் படுகிறது?

அல்சூர் ஏரிப் பக்கமிருந்து கிளம்பி ஓல்ட் மெட்ராஸ் ரோடு வழியாக இந்திராநகர் போகிறவர் சிக்னலில் மட்டுமா நிற்கிறார்? பி.எம்.டி.சி. பஸ் ஸ்டாப்புக்காகக் குறுக்கே வந்து ஒதுங்கும். சவாரியைப் பார்த்த ஆட்டோ கை காட்டாமல் ஓரம் கட்டும். டீக்கடை முன்னால் ஸ்கூட்டர் ஒன்று பின்னோக்கி வரும். பெயிண்ட் உதிர்ந்துபோன ஹம்ப் ஒன்று கடைசி நொடியில்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் இடது கால் இறங்கி ஏற வேண்டும். அதே ஆள் ஞாயிறு விடிவதற்குள் நந்தி மலைக்குக் கிளம்பினால், ஹெப்பாள் மேம்பாலத்தைத் தாண்டியபின் வெகுதூரம் காலைக் கீழே வைக்காமலே போய்விடலாம்.

இந்த இரண்டு ஓட்டத்துக்கும் தேவையான பெடல் ஒன்றல்ல. வாரத்தில் அதிக நாள் எங்கே ஓட்டுகிறீர்களோ அந்தப் பாதைக்கு வாங்குங்கள். மாதம் ஒரு நாள் போகும் நந்தி மலைக்காக ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடலை மாட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் சில்க் போர்டு நெரிசலில் அதைப் பூட்டியும் கழற்றியும் சலித்துப்போகிறவர்கள் இந்த ஊரில் ஏராளம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊருக்குள் ஓட்டத் தொடங்குபவருக்கு ஷூவைப் பூட்டாத, நல்ல பிளாட் பெடல் போதும். மற்ற வகைகளையும் கீழே சொல்கிறேன். ஆனால் அவற்றுக்குப் போக அவசரமே இல்லை.

மரையைப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

பெடலின் அச்சு கிராங்கில், அதாவது பெடலை நடு அச்சோடு சேர்க்கும் கையில், திருகி நிற்கிறது. அந்த மரை இரண்டு அளவில் வரும். பெரியவர்கள் ஓட்டும் இன்றைய சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் 9/16 அங்குலம், அதாவது சுமார் 14 மில்லிமீட்டர். குழந்தைகள் சைக்கிள்களிலும், இரண்டு பக்கக் கிராங்கும் நடு அச்சும் வளைத்த ஒரே இரும்பாக வரும் வண்டிகளிலும் 1/2 அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்த்தால் பிடிபடாது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்தால் பிடிபடும். தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளுக்கு வாங்குகிறீர்கள் என்றால் அளவெடுத்துக்கொண்டு இருக்காமல் பழைய பெடலைக் கழற்றிக் கடைக்கே கொண்டுபோய்விடுங்கள்.

அளவு சரியாக இருந்தாலும் இன்னொன்று உண்டு: வலது பெடல் வேறு, இடது பெடல் வேறு. லிங்கராஜபுரத்தில் ஒரு சின்ன ரிப்பேர் கடையில் பார்த்தது. கல்லூரிப் பையன் ஒருவன் ஆன்லைனில் வாங்கிய ஜோடியோடு வந்தான்.

“அண்ணா, புதுசுதான், ஏறவே மாட்டேங்குது.”

கடைக்காரர் அதை வாங்கி, அச்சு மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் நகத்தை மரையின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். “இது லெஃப்டு தம்பி. நீ ரைட்டுல போட்டு முறுக்கிட்டு இருக்கே. இன்னும் ரெண்டு சுத்து சுத்தியிருந்தா கிராங்க் மரை போயிருக்கும்.”

அவர் பார்த்தது இதைத்தான்: அச்சை மேல்நோக்கிப் பிடித்தால் வலது பெடலின் மரை வலப்பக்கமாக ஏறும், இடது பெடலின் மரை இடப்பக்கமாக ஏறும். இடது பக்கம் இருப்பது இடமரை. வழக்கமான திருகுக்கு நேர் எதிர். பெரும்பாலும் அச்சின் நுனியிலோ சாவி பிடிக்கும் தட்டையான இடத்திலோ எல், ஆர் என்று எழுத்தும் பொறித்திருக்கும். எழுத்து தேய்ந்திருந்தால் நகம் போதும்.

இடப்பக்கம் மட்டும் ஏன் இந்த வம்பு? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலமரையாக இருந்த காலத்தில் மிதிக்க மிதிக்க ஒரு பக்கம் இறுகும், இன்னொரு பக்கம் தளர்ந்து விழும். மிதியின் பாரம் அச்சைச் சுற்றிச் சுற்றி அழுத்தும்போது, மரையில் இருக்கும் நுண்ணிய இடைவெளிக்குள் அச்சு கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதுதான் காரணம். அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்கள், கழன்று விழாத பெடல் என்று 1900இல் அறிவித்தது இப்படி இடமரையும் வலமரையுமாகச் செய்த ஜோடியைத்தான். அவர்கள் பறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து.

பிளாட் பெடல்: எதைப் பார்த்து வாங்குவது

கடையில் தொங்கும் பெடல்களில் முக்கால்வாசி பிளாட் பெடல்கள்தான். எந்தச் செருப்பு, எந்த ஷூ போட்டாலும் மிதிக்கலாம். இரண்டு பக்கமும் ஒன்றுதான். காலை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். எனவே கையில் எடுத்துப் பாருங்கள்.

முதலில் அகலம். பாதத்தின் முன்பகுதி, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் அகன்ற மேடு முழுதும் பெடலில் உட்கார வேண்டும். நீளமும் அகலமும் 100 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சரி. ஷூ அளவு 10, 11 என்றால் இன்னும் கொஞ்சம் பெரியதாகத் தேடலாம். மலிவான சைக்கிளோடு வரும் குறுகிய பெடலில் பாதத்தின் ஓரம் வெளியே தொங்கும்; பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் உள்ளங்காலில் ஒரு சூடு தெரியும். பலர் அதை ஷூவின் கோளாறு என்று நினைத்துப் புது ஷூ வாங்குகிறார்கள்.

அடுத்தது பிடிப்பு. மேலே குட்டிக் குட்டியாக நீட்டிக்கொண்டிருக்கும் முள்கள்தான் பிடிப்பைத் தருகின்றன. உலோக முள் நன்றாகக் கடித்துப் பிடிக்கும். மழையிலும் கால் நழுவாது. ஆனால் ஆபீஸ் ஷூவின் அடிப்பாகத்தையும் அதே ஆர்வத்தோடு கடிக்கும். கால் தவறினால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கோடு போட்டுவிடும். மலையேற்றம், காட்டுப் பாதை என்றால் இதைத் தாங்கிக்கொள்ளலாம். தினமும் அலுவலகம் போகிறவருக்கு, பெடலின் உடம்போடு சேர்த்து வார்த்த நைலான் முள்கள் போதும். அவை நாளாக ஆகத் தேயும், மாற்ற முடியாது. ஆனால் காலும் தப்பும், ஷூவும் தப்பும். உலோக முள்தான் வேண்டும் என்றால் திருகிக் கழற்றி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். அடிப்பக்கமிருந்து திருகி ஏறியிருப்பது இன்னும் நல்லது. மேல்பக்கம் கல்லில் இடித்து நசுங்கினாலும் அடியிலிருந்து கழற்றிவிடலாம்.

ஹவாய் செருப்போடு காய்கறி வாங்கப் போகும் சைக்கிளுக்கு இதெல்லாம் வேண்டாம். ரப்பர் கட்டை வைத்த பழைய பாணி பெடல் அருமையாக உழைக்கும். ரப்பர் தேய்ந்து பளபளக்கத் தொடங்கினால் மட்டும் மாற்றிவிடுங்கள். அப்புறம் ஈரத்தில் சோப்பு மாதிரிதான்.

மூன்றாவது பேரிங். கையில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். மலிவான பெடலில் தனித்தனி இரும்புக் குண்டுகள் இருக்கும், நம்மூர்க் கடைகளில் பால்ரஸ் என்பார்கள். இவற்றைப் பிரித்துத் துடைத்துக் கிரீஸ் வைத்து இறுக்கம் சரிசெய்யலாம்; ஆனால் தூசும் தண்ணீரும் சுலபமாக உள்ளே போகும். கொஞ்சம் விலை கூடியவற்றில் மூடிய பேரிங் வரும். பெங்களூரில் மே மாதக் கோடை மழை தொடங்கி அக்டோபர் வரை விட்டுவிட்டு மழை பெய்யும். அண்டர்பாஸில் பெடல் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும் நாளும் உண்டு. மழையிலும் ஓட்டுகிறவர் மூடிய பேரிங்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு வீண்போகாது. புதுப் பெடல் சுற்றும்போது கொஞ்சம் கனமாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். அது புதுக் கிரீஸ், புது ரப்பர் வளையம். கறகறவென்று மணல் அரைபடுகிற மாதிரி இருந்தாலோ, அச்சைப் பிடித்துக்கொண்டு பெடலை ஆட்டினால் டக் டக் என்று ஆடினாலோ வேறு எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பொருளைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். நைலான் பெடல் என்றால் மட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தப்பு. நல்ல நைலான் பெடல் எடையில் அலுமினியத்துக்குச் சளைத்ததில்லை, கல்லில் இடித்தால் வழுக்கிக்கொண்டு போகும், துருவும் பிடிக்காது. ஒதுக்க வேண்டியது உடையும் தன்மையுள்ள வெறும் பிளாஸ்டிக் பெடலைத்தான்; விரலால் ஓரத்தை வளைத்தால் நெளிவது தெரியும். அலுமினியத்தின் நன்மை அதை மெல்லியதாகச் செய்யலாம் என்பது. மெல்லிய பெடல் திருப்பத்தில் தரையில் இடிக்காது. (பெடல் தடிமனோ மெல்லிசோ, திருப்பத்தில் உட்பக்கப் பெடலை மேலே வைத்துக்கொள்வது பழக்கமாக வேண்டும். உயரமான ஹம்ப் மேலே மிதித்துக்கொண்டே ஏறுவதும் வேண்டாம். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.)

விலை? சாதாரண பிளாஸ்டிக் ஜோடி சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மூடிய பேரிங் வைத்த நைலான் ஆயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் போகும். பிரதிபலிப்பான் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் பின்னால் வரும் வண்டிக்கு மேலும் கீழுமாக அசையும் ஆரஞ்சு வெளிச்சம் தெரிந்தால் அது சைக்கிள் என்று உடனே புரியும். நின்று மின்னும் விளக்கை விட அசையும் புள்ளி கண்ணை இழுக்கும்.

மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் மடங்கும் பெடலோ, சாவியில்லாமல் கையாலேயே கழற்றக்கூடிய பெடலோ பார்க்கலாம். நம்ம மெட்ரோவில் மடக்கு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது பக்கத்தில் நிற்பவரின் கணுக்காலைப் பதம் பார்ப்பது பெடல்தான்.

ஷூவும் சேர்ந்ததுதான்

பிளாட் பெடலின் பாதிப் பிடிப்பு ஷூவிலிருந்து வருகிறது. ஓடுவதற்கான ஷூ பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் அதன் அடிப்பாகம் பஞ்சு போல அமுங்குவதற்காகச் செய்தது. மிதியின் பலத்தில் கொஞ்சம் அந்தப் பஞ்சுக்குள்ளேயே போய்விடும். முன்பக்கம் மேல்நோக்கி வளைந்திருப்பதால் பெடலில் படும் பரப்பும் குறையும். தட்டையான, சற்றே கெட்டியான ரப்பர் அடி உள்ள கேன்வாஸ் ஷூ இதை விட நன்றாக ஒட்டும். ஷூ லேஸின் நீண்ட முனையை உள்ளே செருகிவிடுங்கள். வலது பக்கச் செயினில் மாட்டினால் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

டோ கிளிப்

பெடலுக்கு முன்னால் கூண்டு மாதிரி ஒன்றும் வாரும் இருக்கும். கால் நழுவாமல் பிடித்துக்கொள்ளும், எந்த ஷூவுக்கும் பொருந்தும், விலையும் குறைவு. வாரை இறுக்கினால்தான் முழுப் பலன். இறுக்கினால் அவசரத்தில் காலைப் பின்னால் இழுத்து எடுக்க வராது. தளர்வாக விட்டால் கூண்டு அடிப்பக்கம் திரும்பித் தரையை உரசிக்கொண்டு வரும். இரண்டும் கெட்டான். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஷூவைப் பூட்டும் பெடல்

ஷூவின் அடியில் கிளீட் என்ற சின்னத் துண்டைத் திருகி, அதைப் பெடலில் டக்கென்று பூட்டிக்கொள்ளும் வகை இது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். பனிச்சறுக்குக் காலணியைப் பூட்டும் கருவிகள் செய்துவந்த பிரான்ஸின் லுக் கம்பெனி 1984இல் இதைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே பிரெஞ்சு சைக்கிள் வீரர் பெர்னார் இனோ அதை மாட்டிக்கொண்டு டூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். 1990இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி செய்த எஸ்.பி.டி. என்ற பூட்டும் பெடல் வந்தது. இன்று கடையில் பார்ப்பதெல்லாம் இந்த இரண்டு வழிகளின் வாரிசுகள்.

இதைப் போட்டால் காலை மேலே இழுத்தும் பலம் கொடுக்கலாம், வேகம் பறக்கும் என்று கடையில் சொல்வார்கள். மிகை. நன்றாகப் பழகியவர்கள்கூடப் பலத்தில் பெரும்பங்கைக் கீழ்நோக்கி மிதிப்பதில்தான் கொடுக்கிறார்கள். உண்மையான பலன் வேறு: வேகமாகச் சுற்றும்போதும், எழுந்து நின்று ஏறும்போதும், கரடுமுரடான ரோட்டில் குலுங்கும்போதும் கால் இடம் மாறாமல் இருக்கும். நீண்ட தூரம் போகிறவருக்கு இது பெரிய நிம்மதி. மூன்று கிலோமீட்டர் ஆபீஸுக்கு இதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் முதலில் தீர்க்க வேண்டியது கிளீட்டை ஷூவில் பிடிப்பது இரண்டு திருகா, மூன்று திருகா என்பதை. பெடலுக்கும் முன்னால் ஷூவின் அடியைப் பாருங்கள்.

மூன்று திருகு வகை ரோட் பைக்குக்கானது. ஷிமானோ எஸ்.பி.டி.-எஸ்.எல்., லுக் கியோ இரண்டும் இதில் பிரபலம். கிளீட் பெரியது, பிளாஸ்டிக், ஷூவின் அடியை விட்டுத் துருத்திக்கொண்டிருக்கும். அதை மாட்டிக்கொண்டு நடந்தால் வாத்து நடைதான். நம்மூர் அபார்ட்மென்ட்டுகளின் பாலிஷ் போட்ட கிரானைட் படிக்கட்டில் அது ஆபத்தும்கூட. நடக்க நடக்கக் கிளீட் தேயும், தேய்ந்தால் பூட்டு சரியாகப் பிடிக்காது. பார்க்க ஒன்று போலிருந்தாலும் லுக் கிளீட் ஷிமானோ பெடலில் பூட்டாது, அது இதிலும் பூட்டாது.

இரண்டு திருகு வகையில் கிளீட் சின்னது, உலோகம். ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் அடங்கிவிடும். இட்லிக் கடை வரிசையில் சாதாரணமாக நடந்து போய் நிற்கலாம். பெரும்பாலான எஸ்.பி.டி. பெடல்களில் இரண்டு பக்கமும் பூட்டலாம் என்பதால் சிக்னலில் குனிந்து பார்த்துத் தேட வேண்டியதில்லை. பெங்களூருக்கு, அதுவும் புதியவருக்கு, இதுதான். ரோட் பைக் வைத்திருந்தால் மூன்று திருகுதான் போட வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஷிமானோவின் எம்520 பல வருஷமாகப் பலர் தொடங்கும் பெடல். ஜோடி 380 கிராம் எடை, அடித்தாலும் சாகாது. ஒரு பக்கம் பிளாட், மறுபக்கம் எஸ்.பி.டி. என்று வரும் ஈஎச்500 போன்றவையும் உண்டு. வாரநாளில் ஆபீஸ் ஷூ, ஞாயிற்றுக்கிழமை கிளீட் ஷூ என்று ஒரே வண்டியில் ஓட்டுகிறவர்களுக்கு இது கைகொடுக்கும். வேண்டிய பக்கத்தைக் காலால் தட்டித் திருப்புவதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

செம்மண் பாதையில் மழைக்குப் பின் ஓட்டும் ஆசை இருந்தால் ஒரு விஷயம்: சேறு பூட்டுக்குள் அடைத்துக்கொண்டால் எஸ்.பி.டி. முரண்டு பிடிக்கும். நான்கு பக்கமும் திறந்திருக்கும் கிராங்க்பிரதர்ஸ் கம்பெனியின் பெடல் வகையில் சேறு தங்குவது குறைவு.

பெடல் பெட்டியில் கிளீட் வழக்கமாக இருக்கும், ஷூவோடு வராது. ஷிமானோ எஸ்.பி.டி.யோடு சாதாரணமாக வருவது எஸ்எச்51. குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் விடும். எஸ்எச்56 என்ற கிளீட் தனியாகக் கிடைக்கிறது. அது மேல்நோக்கி இழுத்தாலும், கோணலாக இழுத்தாலும் விட்டுவிடும். பதற்றத்தில் காலைத் திருப்ப மறந்து தூக்கத்தான் தோன்றும் என்பதால் புதியவருக்கு இது நல்லது.

பூட்டிய பிறகும் குதிகால் இரண்டு பக்கமும் கொஞ்சம் அசைய இடம் வேண்டும். அந்த அசைவே இல்லாவிட்டால், கிளீட் துளி கோணலாக இருந்தாலும் அந்தச் சுமை முட்டிக்குப் போகும். மூன்று திருகு வகையில் இதை நிறத்தால் காட்டுகிறார்கள். ஷிமானோவில் சிவப்புக்கு அசைவு இல்லை, நீலத்துக்கு 2 டிகிரி, மஞ்சளுக்கு 6 டிகிரி. லுக் கியோவில் கறுப்புக்கு அசைவு இல்லை, சாம்பலுக்கு 4.5, சிவப்புக்கு 9. ஒரு கம்பெனியில் சிவப்பு என்றால் இறுக்கம், இன்னொன்றில் தாராளம். நிறத்தை மட்டும் சொல்லிக் கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஷூவும் பெடலுமாகச் சேர்த்தால் பத்தாயிரம் ரூபாய்ப் பக்கம் எளிதாகப் போய்விடும். முதலில் ஷூவைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். பெடல் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், கால் அப்படியில்லை.

பூட்டிப் பழகுவது

கிளீட்டைத் திருகும்போது பாதத்தின் அகன்ற மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலேயோ, ஒரு சிறிது முன்னாலோ வரும்படி வையுங்கள். பெடலின் பூட்டு இறுக்கத்தை 3 மில்லிமீட்டர் ஆலன் கீயால் குறைந்த அளவுக்குத் தளர்த்திவிடுங்கள், எஸ்.பி.டி.யில் கழித்தல் குறி போட்டிருக்கும் பக்கம். இரண்டு பக்கமும் பூட்டு இருந்தால் நான்கு திருகையும் ஒரே அளவுக்குத் திருப்ப வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகப் பூட்டிக் கழற்றுங்கள், யோசிக்காமல் வரும்வரை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலை, மோட்டார் வண்டிகளை விடாத நேரத்தில், கப்பன் பார்க் உள்ளே சுற்றலாம்.

எந்தக் காலை ஊன்றுவது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே இடது ஓரம் போகிறோம், நடைபாதைக் கல்லும் அந்தப் பக்கம்தான், வலது பக்கம் வண்டிகள். ஆகவே இடது கால். நிற்பதற்கு முன்னால் கழற்ற வேண்டும். நின்ற பிறகு கழற்றப் பார்த்தால் வண்டி அதற்குள் சாய்ந்திருக்கும். சிக்னல் சிவப்பாகத் தெரிகிறதா, இருபது மீட்டருக்கு முன்னாலேயே இடது காலை விடுவித்துச் சும்மா பெடல் மேல் வைத்துக்கொண்டு போங்கள். விடுவித்த பக்கமே உடம்பைச் சாய்ப்பதும் முக்கியம். இடது காலைக் கழற்றிவிட்டு வலது பக்கம் சாய்ந்து விழுவது இந்தப் பெடலின் பாரம்பரியமான வேடிக்கை.

மாட்டுவது எப்படி

ரிப்பேர் கடையில் கொடுத்தால் சின்னத் தொகைக்கு மாட்டித் தருவார்கள். வீட்டிலேயே செய்வதும் கஷ்டமில்லை. பெடலைப் பொறுத்து 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், இல்லையென்றால் அச்சின் பின்பக்கத்திலிருந்து போடும் 6 அல்லது 8 மில்லிமீட்டர் ஆலன் கீ வேண்டும். சாதாரண ஸ்பேனர் தடிமனாக இருந்தால் கிராங்குக்கும் பெடலுக்கும் நடுவே நுழையாது. மெல்லிய பெடல் ஸ்பேனர் தனியாகக் கிடைக்கும்.

செயினைப் பெரிய பல்சக்கரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பேனர் வழுக்கினாலும் பல் கையைக் கிழிக்காது. எந்தப் பக்கம் கழற்றுவது என்று இடமரை, வலமரை கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்க வைத்து, அதன் நுனியைப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டும் இறுகும். பல வருஷம் கழற்றாத பெடல் என்றால் முந்தைய இரவே மரையில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வையுங்கள்.

புதிய பெடலின் மரையில் கிரீஸ் தடவுங்கள். இதை விட்டால் அடுத்த முறை கழற்ற ஆளும் சுத்தியலும் தேடவேண்டி வரும். பிறகு வெறும் விரலால் திருகுங்கள். மூன்று நான்கு சுற்று விரலாலேயே சுலபமாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, அல்லது பக்கம் மாறிவிட்டது. கழற்றி மறுபடி தொடங்குங்கள். பெடலின் அச்சு இரும்பு, கிராங்க் பெரும்பாலும் அலுமினியம். முறுக்கினால் தோற்பது எப்போதும் கிராங்க்தான், அதன் விலை பெடலை விட அதிகம். முழுதும் ஏறியபின் ஸ்பேனரால் நன்றாக இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இருந்தால் 35 முதல் 40 நியூட்டன் மீட்டர்.

இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மிதிக்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் கட் கட் என்று சத்தம் வந்தால் பலர் நடு அச்சைப் பிரிக்கச் சொல்லிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் பெடலைக் கழற்றி, மரையைத் துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டிப் பாருங்கள். கிளீட் பெடல் என்றால் கிளீட் திருகுகளையும் இறுக்குங்கள். தளர்ந்த கிளீட் பெடலிலேயே தங்கிவிட்டால் காலைத் திருப்பினாலும் விடாது.

பழைய சைக்கிள் வாங்கினால், அல்லது ஒருமுறை நன்றாக விழுந்து எழுந்தால், பெடலைச் சுற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து பாருங்கள். அச்சு நேராக இருந்தால் பெடல் ஒரே தளத்தில் சுற்றும். வளைந்திருந்தால் மேலும் கீழும் தலையாட்டும். ஓட்டும்போது ஒவ்வொரு சுற்றிலும் பாதம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவது தெரியும். வளைந்த அச்சைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மரை அளவைக் குறித்துக்கொண்டு புது ஜோடி வாங்கிவிடுங்கள்.